அமெரிக்கக் கல்லூரியில் சீட்டும் உதவித்தொகைப் படிவமும்: எதை எப்போது டிக் அடிப்பது

என் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு நல்ல கல்லூரியில் சீட் கிடைத்தது. ஆனால் சேர்க்க முடியவில்லை. ஆண்டுக்கு 84,000 டாலர். விண்ணப்பத்தில் "உதவித்தொகை கேட்கப் போகிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தது, அதற்கு "இல்லை" என்று டிக் அடித்திருந்தோம். காசு கொடுத்து அமர்த்திய கன்சல்டன்சி சொல்லித்தான் அப்படிச் செய்தோம். "எய்டு கேட்டா சீட் தர மாட்டாங்க மேடம், முதல்ல உள்ள போயிடட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்" என்றார்கள். சீட் கிடைத்த ராத்திரியே கல்லூரியின் எய்டு அலுவலகத்துக்கு மெயில் போட்டோம். மறுநாள் நாலு வரியில் பதில் வந்தது: விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர், படித்து முடிக்கிற வரைக்கும் கேட்க முடியாது.

நல்லவேளை, வேறு ஒரு சின்னக் கல்லூரிக்கு எல்லாப் படிவத்தையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தோம், அங்கே கிடைத்தது, இப்போது அங்கேதான் படிக்கிறாள். அந்த ஒரு வருடத்தில் நாங்கள் மோதி மோதிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். இது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இளநிலைப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும். எம்.எஸ். போகிறவர்கள் கதை வேறு, அங்கே வெளிநாட்டு மாணவருக்குப் பெரும்பாலும் இந்தப் படிவங்கள் கிடையாது.

1. பிள்ளையின் குடியுரிமை என்ன?

இதென்ன கேள்வி என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் ஒரு கூட்டம் இருக்கிறது: அப்பா அம்மா ஐ.டி. வேலைக்குப் போயிருந்தபோது அமெரிக்காவில் பிறந்து, இரண்டு மூன்று வயதில் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பி வந்த பிள்ளைகள். இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். பெற்றோர் இந்தியர்களாக இருந்தாலும், இந்தியாவிலேயே குடியிருந்தாலும், இந்தப் பிள்ளைகள் ஃபாஃப்சா என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகைப் படிவத்தை நிரப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோருக்கு அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் இப்போது கணக்குத் தொடங்க வழி இருக்கிறது. பிள்ளைக்கு அந்த எண் வேண்டும், பழைய அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். இந்தப் பிள்ளைகளைக் கல்லூரியும் உள்நாட்டு மாணவராகத்தான் பார்க்கும். ஒன்றே ஒன்று, பிறந்த மாநிலத்தில் குறைந்த கட்டணம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு.

அமெரிக்காவிலேயே ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்குத் தருவது) வளர்கிற பிள்ளைகளுக்கு நிலைமை நேர் எதிர். பள்ளி முழுக்க அங்கேயே படித்திருந்தாலும் ஃபாஃப்சா கிடையாது. பல கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் கணக்கிலேயே வைக்கும். கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும்.

2. கல்லூரிப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

சீட் கொடுப்பது அட்மிஷன் அலுவலகம். பணம் கொடுப்பது ஃபைனான்ஷியல் எய்டு அலுவலகம். இந்த இரண்டும் எவ்வளவு தூரம் பேசிக்கொள்கின்றன என்பதுதான் முழு விஷயமுமே.

சில கல்லூரிகள் "நீட் பிளைண்ட்". (நம் ஊர் நீட் இல்லை, பயப்படாதீர்கள். இங்கே நீட் என்றால் பணத் தேவை.) இவற்றில் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் மேசைக்கு உங்கள் வருமானக் கணக்கு வராது. நீங்கள் எவ்வளவு கேட்டாலும், கேட்காவிட்டாலும், சீட் முடிவில் அது சேராது.

மற்றவை "நீட் அவேர்". இங்கே பணத்தையும் பார்ப்பார்கள். ஆண்டுக்கு வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள், அதற்குள்தான் ஆள் எடுக்க வேண்டும். எல்லா விதத்திலும் சமமான இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு 70,000 டாலர் வேண்டும், இன்னொருவருக்கு 20,000 போதும் என்றால் யாரை எடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கன்சல்டன்சிக்காரர்கள் சொல்கிற பாதி உண்மை இங்கிருந்துதான் வருகிறது.

இதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. கல்லூரியின் இணையதளத்தில் பெரிதாக "நாங்கள் நீட் பிளைண்ட்" என்று போட்டிருக்கும். கீழே போய்ப் பார்த்தால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். ஸ்டான்ஃபோர்டு அப்படித்தான்: அவர்களுக்கு நீட் பிளைண்ட், நமக்கு நீட் அவேர். வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணம் பார்க்காமல் சீட் தருகிற கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடன், பிரவுன். 2024-இல் நோட்டர் டேம், வாஷிங்டன் அண்ட் லீ இரண்டும் இந்த வழிக்கு வருவதாக அறிவித்தன. கொள்கை மாறக்கூடியது, நீங்கள் விண்ணப்பிக்கிற வருடம் அந்தந்தக் கல்லூரியின் "வெளிநாட்டு விண்ணப்பதாரர்" பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சொல்: "முழுத் தேவையையும் ஈடுகட்டுகிறோம்". இது வேறு விஷயம். பணம் பார்க்காமல் சீட் கொடுத்துவிட்டு, பணமும் கொடுக்காமல் கையை விரிக்கிற கல்லூரிகளும் உண்டு. பணம் பார்த்துத்தான் எடுப்போம், ஆனால் எடுத்துவிட்டால் மொத்தத்தையும் பார்த்துக்கொள்வோம் என்கிறவையும் உண்டு. எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது இந்த இரண்டாம் வகைதான். பலர் நீட் அவேர் என்றாலே ஒதுக்கிவிடுகிறார்கள். அது தப்பு. முதல் பட்டியலில் இருப்பவற்றில் நுழைவது எவ்வளவு கடினம் என்று தெரியும்தானே.

தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கல்லூரி பெயர், நமக்கு நீட் பிளைண்டா, முழுத் தேவையும் தருமா, எந்தப் படிவம் கேட்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு வருமானம் பார்த்துத் தரும் உதவி கிடையாது. சிலவற்றில் மதிப்பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் உண்டு. ஐவி லீக் என்கிற எட்டுப் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் தலைகீழ், மதிப்பெண்ணுக்கென்று ஒரு டாலர் தர மாட்டார்கள், எல்லாமே வருமானம் பார்த்துத்தான். பள்ளியில் முதலிடம் என்பதால் ஹார்வர்டு ஸ்காலர்ஷிப் கொடுக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

3. அந்த ஒரு டிக்

காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில், ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக இருக்கும் கேள்விகளுக்கு நடுவே, உதவித்தொகை கேட்கப் போகிறீர்களா என்று சாதாரணமாக ஒரு கேள்வி வரும். ஆம், இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் கட்டுரை எழுதுகிற பதற்றத்தில் இதை ஒரு விநாடியில் கடந்துவிடுவார்கள்.

உங்களால் நான்கு வருடமும் முழுப் பணம் கட்ட முடியாது என்றால் "ஆம்" போடுங்கள். நீட் பிளைண்ட் கல்லூரியில் "ஆம்" போடுவதால் இழப்பு எதுவும் இல்லை. நீட் அவேர் கல்லூரியில் "ஆம்" போட்டால் வாய்ப்புக் கொஞ்சம் குறையலாம்தான், ஆனால் "இல்லை" போட்டு வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் செய்தது அழுததுதான். ஸ்டான்ஃபோர்டு உள்பட நீட் அவேர் கல்லூரிகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர் முதலில் கேட்காவிட்டால் நான்கு வருடமும் கேட்க முடியாது. இதை அந்தக் கல்லூரிகளே தெளிவாக எழுதியும் வைத்திருக்கின்றன, நாங்கள்தான் படிக்கவில்லை.

இன்னொரு ஆசையும் வரும்: முதல் வருடம் மட்டும் எப்படியாவது வீட்டை அடமானம் வைத்துக் கட்டிவிடலாம், அடுத்த வருடம் கேட்கலாம் என்று. அதே கதைதான். சில கல்லூரிகள் "ஆண்டுக்கு உங்கள் குடும்பம் எவ்வளவு தர முடியும்?" என்று நேரடியாக எண் கேட்கும். அந்த எண்ணை நான்கால் பெருக்கிப் பார்த்து, அதற்குப் பிறகும் தூக்கம் வந்தால் மட்டும் எழுதுங்கள்.

4. தாள்களை ஆகஸ்டிலேயே சேருங்கள்

சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற எய்டு படிவம் (விவரம் அடுத்த பகுதியில்) திறப்பது அக்டோபர் 1. ஆனால் தாள் சேர்ப்பதுதான் உண்மையான வேலை, எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. எடுத்து வைக்க வேண்டியவை:

- அப்பா, அம்மா இருவரின் வருமான வரித் தாக்கல், ஒப்புகைச் சீட்டு மட்டுமல்ல, முழுப் படிவமும்
- சம்பளக்காரர் என்றால் ஃபார்ம் 16, கடைசி மாதச் சம்பளச் சீட்டுகள்
- கடை, தொழில் என்றால் ஆடிட்டர் கையெழுத்துடன் லாப நட்டக் கணக்கு
- எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், பிக்சட் டெபாசிட், பி.எஃப். பாஸ்புக்
- வீட்டுக் கடன், நகைக் கடன், வேறு கடன்களின் தாள்கள்
- நிலம், வீடு இருந்தால் பத்திரம், பட்டா, சிட்டா
- மற்றப் பிள்ளைகளின் கட்டண ரசீது, பெரிய மருத்துவச் செலவு இருந்தால் பில்கள்

வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லை என்றால், அதற்கும் ஒரு தாள் வேண்டும். தாலுகா அலுவலகம் தருகிற வருமானச் சான்றிதழை இ-சேவையில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, தாக்கல் செய்யத் தேவையில்லை என்பதையும் வருமானம் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம். முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இங்கே வருட விஷயம் ஒன்று தலையைச் சுற்ற வைக்கும். அமெரிக்கக்காரர்களுக்கு வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். போதாக்குறைக்கு நம் வரித் தாக்கலின் மேலே மதிப்பீட்டு ஆண்டு என்று இன்னொரு வருடம் அச்சாகியிருக்கும். 2024-25இல் சம்பாதித்ததற்கு 2025-26 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி, "நாங்கள் கேட்டது இந்த வருடம் இல்லை" என்று எங்களுக்கு மெயில் அனுப்பியது. ஒரு வரி விளக்கம் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்: இது இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரையிலான வருமானம் என்று. எந்த நிதியாண்டு வேண்டும் என்பதில் சந்தேகம் இருந்தால் எய்டு அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள், நன்றாகவே பதில் சொல்கிறார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கணக்குத் தணிக்கை தேவைப்படுகிறவர்களுக்கு வரித் தாக்கலின் வழக்கமான கடைசி நாள் அக்டோபர் 31. கல்லூரிகளின் முதல் சுற்று விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1. ஆடிட்டர் வழக்கம்போலக் கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பார். ஆகஸ்டிலேயே அவர் அலுவலகத்தில் போய் உட்காருங்கள், காபி வாங்கிக் கொடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், செப்டம்பரில் முடித்துவிடுங்கள்.

நிலம் எங்களைப் படுத்திய பாடு தனி. தென்காசிப் பக்கம் மாமனார் பெயரில் கொஞ்சம் நஞ்சை. அவர் காலமாகிப் பல வருடம், பட்டா இன்னும் அவர் பெயரில்தான். வாரிசுகள் நான்கு பேர். படிவத்தில் "நிலத்தின் இன்றைய மதிப்பு" என்று ஒரே ஒரு பெட்டி. முழு மதிப்பையும் போட்டால் நாங்கள் பண்ணையார். எதுவும் போடாவிட்டால் பொய். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் சிட்டாவைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஹெக்டேர் ஏர் கணக்கை ஏக்கர் சென்ட் ஆக்கி, நான்கால் வகுத்து, எங்கள் பங்குக்கு மட்டும் மதிப்புப் போட்டோம். படிவம் கேட்பது இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதை. பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம், அதனால் எதை வைத்துக் கணக்குப் போட்டோம் என்பதையும் விளக்கப் பெட்டியில் எழுதினோம். சிட்டாவை வரிக்கு வரி ஆங்கிலத்தில் மாற்றி, தமிழ்த் தாளோடு சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்கினோம். "நஞ்சை" என்பதற்கு மகள் ஈர நிலம் என்று மொழிபெயர்த்து வைத்திருந்தாள், சதுப்பு நிலம் என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று நான் "பாசன வசதியுள்ள வயல்" என்று மாற்றினேன். மொழிபெயர்ப்பை நாமே செய்யலாமா, சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதைக் கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்ட இடங்களில் நாமே செய்வது போதும் என்றார்கள்.

5. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்

தனியார் கல்லூரிகள் பல கேட்கிற படிவம் இது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை நடத்துகிற காலேஜ் போர்டு என்ற அமைப்புடையது. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16. எட்டுக் கல்லூரி என்றால் 137 டாலர், ஏறக்குறைய 12,000 ரூபாய். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் காலேஜ் போர்டு தானாகவே கட்டண விலக்கு தரும், ஆனால் அது அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத்தான். நம் போன்றவர்கள் கல்லூரிக்கு எழுதிக் கேட்டால் சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு அனுப்பும், அல்லது கட்டணமே இல்லாத வேறு படிவம் தரும். வெளிநாட்டு மாணவருக்கான அந்த மாற்றுப் படிவத்தை ஐ.எஸ்.எஃப்.ஏ.ஏ. என்பார்கள். எனவே முதலில் மெயில், அப்புறம் கார்டு. விண்ணப்பக் கட்டணம் இதில் சேராது, அது ஒரு கல்லூரிக்கு 75, 80 டாலர் தனியாக இருக்கும். அதற்கும் விலக்கு கேட்கலாம்.

நிரப்பும்போது தொகையை ரூபாயிலேயே போடலாம், முதலில் நாணயம் எது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்த இடத்தில் டாலர் என்று இருந்துவிட்டால் நீங்கள் ஒரே நாளில் கோடீஸ்வரர். இரண்டு முறை பாருங்கள். சுழியத்தையும் எண்ணுங்கள். என் கணவர் 9,60,000 என்று போட வேண்டிய இடத்தில் 96,00,000 போட்டுவிட்டார். நம் ஊர்க் கணக்கில் கமா லட்சத்தில் விழுகிறது, திரையில் அது ஆயிரத்தில் விழுகிறது, கண் ஏமாந்துவிட்டது. சமர்ப்பித்த பிறகு ஒரே ஒருமுறை இணையத்திலேயே திருத்த வழி இருக்கிறது. அதை இதற்கே செலவழித்துவிட்டோம். அதற்குப் பிறகு எது மாற வேண்டுமானாலும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக எழுதத்தான் வேண்டும்.

கடைசியில் "சிறப்புச் சூழ்நிலை" என்று ஒரு விளக்கப் பெட்டி. வெறுமையாக விடாதீர்கள். மாமியாரின் டயாலிசிஸ், தங்கைக்குக் கொடுக்க வேண்டிய சீர்க் கடன், மழையில் மூழ்கிய கடைச் சரக்கு, இவையெல்லாம் எண்களில் எங்கும் வராது. புலம்பல் வேண்டாம், தொகையும் மாதமும் எழுதினால் போதும். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்களை நாம்தான் பார்த்துக்கொள்கிறோம் என்பது அங்கே படிக்கிறவருக்குத் தானாகத் தெரியாது, நாம் சொன்னால்தான் உண்டு.

பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், பல கல்லூரிகள் பிள்ளையோடு இல்லாதவரிடமும் தனியாக ஒரு படிவம் கேட்கும். தொடர்பே இல்லை என்றால் விலக்குக் கோரலாம். பள்ளி முதல்வர் மாதிரி வெளியாள் ஒருவரின் கடிதம் கேட்பார்கள். இதற்கு நேரம் பிடிக்கும், செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.

6. எந்தச் சுற்றில் போடுவது

எர்லி டிசிஷன் என்றால் கட்டுப்பாடு உள்ள சுற்று: கிடைத்தால் சேர்ந்தாக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம், டிசம்பர் நடுவில் முடிவு. கொடுக்கிற உதவித்தொகை போதவில்லை என்றால் விலகிக்கொள்ள அனுமதிப்பார்கள், ஆனால் வேறு கல்லூரியின் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியே இருக்காது. பணம்தான் முதல் கவலை என்றால் இதில் இறங்கும் முன் கல்லூரி இணையதளத்தில் இருக்கும் செலவுக் கணிப்பானில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அது அமெரிக்கக் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்தது, சரியாக வராது, ஆனாலும் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

எர்லி ஆக்‌ஷன் என்றால் கட்டுப்பாடு இல்லை. வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம் போல விண்ணப்பம், மார்ச் கடைசியில் முடிவு, மே 1-க்குள் பதில்.

கவனிக்க வேண்டியது, விண்ணப்பத்துக்கு ஒரு கடைசித் தேதி, எய்டு படிவத்துக்கு வேறு கடைசித் தேதி. சில இடங்களில் எய்டுக்குப் பதினைந்து நாள் கூடுதல், சில இடங்களில் ஒரே நாள். தாமதமானால் என்ன ஆகும் என்பதும் நாம் பிரித்த இரண்டு பட்டியலைப் பொறுத்தது. நீட் பிளைண்ட் கல்லூரியில் சீட் முடிவு பாதிக்காது, ஆனால் சீட் கடிதம் வரும் நாளில் பணக் கடிதம் வராது, மே 1 நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கும். நீட் அவேர் கல்லூரியில் எண்ணே தெரியாமல் அவர்கள் முடிவெடுக்க முடியாது, கோப்பு முழுமையாகவில்லை என்று ஒதுக்கப்படலாம், அல்லது உதவி கேட்காதவர் கணக்கில் போய்விடலாம். அதனால் எங்கள் வீட்டுக் காலண்டரில் எய்டு தேதிகளைத்தான் சிவப்பில் எழுதினோம்.

7. இனிஷியல் பிரச்சினையும் இரண்டு செக்லிஸ்ட்டும்

தமிழர்களுக்கென்றே ஒரு குழி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, ஆதாரில் மூன்றாவது மாதிரி. மகள் காமன் ஆப்பில் பாஸ்போர்ட் பெயரைப் போட்டாள். சிஎஸ்எஸ்ஸில் நாங்கள் பழைய எஸ்.ஏ.டி. கணக்கையே பயன்படுத்தினோம், அதில் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு கல்லூரியின் கணினிக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் எங்கள் படிவம் அனாதையாகக் கிடந்தது. எல்லா இடத்திலும் பாஸ்போர்ட் பெயர், ஒரே மெயில் முகவரி, ஒரே பிறந்த தேதி வரிசை. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள், மறக்காதீர்கள்.

விண்ணப்பித்த சில நாளில் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு போர்ட்டல் கணக்குத் தரும். அதில் அட்மிஷன் செக்லிஸ்ட் எல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருந்தோம். எய்டு செக்லிஸ்ட் வேறு பக்கத்தில், சில இடங்களில் வேறு இணையதளத்திலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு ஐடாக் என்று காலேஜ் போர்டின் ஆவண ஏற்றும் தளம் ஒன்று. சில கல்லூரிகள் தாள்களை அதன் வழியாகத்தான் வாங்கும், அதற்கான அழைப்பு மெயில் ஸ்பேமில் போய் உட்கார்ந்திருக்கும். வாரம் ஒருமுறை, எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இட்லிக்கு அப்புறம், எல்லாப் போர்ட்டலையும் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எதுவும் தவறவில்லை.

8. கடிதம் வந்த பிறகு

மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடிதத்தில் மூன்று விதமான பணம் இருக்கும்: திருப்பித் தர வேண்டாத கிராண்ட், திருப்பித் தர வேண்டிய கடன், பிள்ளை வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. கடைசியதற்கு மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் உச்சம். மருத்துவக் காப்பீடும் விமான டிக்கெட்டும் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தேடுங்கள், காப்பீடு மட்டுமே சில ஆயிரம் டாலர் வரும்.

யாரும் சொல்லாத ஒன்று: படிப்புக் கட்டணத்துக்கு மேல், தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தருகிற கிராண்டுக்கு அமெரிக்காவில் வரி உண்டு, மாணவர் விசாக்காரர்களுக்குப் பெரும்பாலும் 14 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி ஒப்பந்தப்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவைக் கோரலாம், அதனால் அடுத்த ஆண்டு வரித் தாக்கலில் ஒரு பகுதி திரும்பி வரக்கூடும். ஆனால் முதல் செமஸ்டர் பில்லில் அந்தத் தொகையைப் பார்த்து நாங்கள் திகைத்துப்போனோம்.

தொகை போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம். பேரம் மாதிரி வேண்டாம். புதிய தாள் ஏதாவது இருக்க வேண்டும்: வேலை போனது, ஆஸ்பத்திரி பில், இன்னொரு கல்லூரியின் கடிதம். நாங்கள் ஆஸ்பத்திரி பில்லை அனுப்பினோம், பத்து நாளில் குடும்பப் பங்கு ஆண்டுக்கு 4,700 டாலரிலிருந்து 3,200-ஆகக் குறைந்தது.

9. ஐ-20, விசா

சேர்வதாகச் சொன்னதும் கல்லூரி ஐ-20 தரும் (மாணவர் விசாவுக்கு வேண்டிய சேர்க்கைச் சான்று), அதற்கு முதல் வருடச் செலவுக்குப் பணம் எங்கே என்று காட்ட வேண்டும். உதவித்தொகைக் கடிதமே அதில் பெரும்பகுதிக்கு ஆதாரம், மீதிக்கு மட்டும் வங்கித் தாள் போதும். பிறகு செவிஸ் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர்.

இந்தக் கட்டத்தில் சில ஏஜென்டுகள் கணக்கில் தற்காலிகமாகப் பணம் போட்டுக் காட்டித் தருகிறேன் என்று வருவார்கள். கிட்டவே சேர்க்காதீர்கள். கல்லூரியிடம் ஆண்டு வருமானம் 9 லட்சம் என்று எழுதிவிட்டு, தூதரகத்தில் 60 லட்சம் இருப்புக் காட்டினால் எது பொய் என்று கேட்பார்கள், கேட்டால் இரண்டு பக்கமும் போய்விடும். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று, மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்று. "அப்பாவின் கடை, அம்மாவின் சம்பளம்" என்றாள், கையில் கல்லூரிக்கு அனுப்பிய அதே தாள்கள்.

இது ஒருமுறையோடு முடிகிற வேலையும் இல்லை. பல கல்லூரிகளில் ஒவ்வொரு வருடமும் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும், பொதுவாக வசந்த காலத்தில் கேட்பார்கள், தவறவிட்டால் அந்த வருடப் பணம் நிற்கும். தாள்களை வருடவாரியாக ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். போன முறை நான் செய்ததெல்லாம் புதிய வரித் தாக்கலை மாற்றியதும், சிட்டாவை அப்படியே மறுபடி ஏற்றியதும்தான். பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது.